ஹெடி லமார்

ஹெடி லமார் (நவம்பர் 9, 1914 – ஜனவரி 19, 2000) ஆஸ்திரியாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் புகழ்பெற்ற திரைப்பட நடிகை ஆவார். இவரது இயற்பெயர் ஹெட்விக் ஈவா மரியா கீஸ்லர். 1930 முதல் 1958 வரை ஐரோப்பிய, அமெரிக்கத் திரைப்படங்களில் நடித்தார். 1940களில் உலகின் மிக அழகிய பெண் என்றே ஹாலிவுட்டில் இவர் விளம்பரப்படுத்தப்பட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் இணைந்து, எதிரியால் எளிதில் குலைக்க முடியாத வானொலிக் கட்டுப்பாட்டு முறை ஒன்றை வடிவமைத்து 1942 இல் காப்புரிமம் பெற்றார். இவரது கடைசித் திரைப்படம் வெளிவந்தபோது இவருக்கு வயது 43. அதன்பின் 42 ஆண்டுகள் வாழ்ந்தார். இவரது கண்டுபிடிப்பு பொதுவெளியில் மதிப்புப் பெற்றது அந்த வாழ்நாளின் கடைசி மூன்று ஆண்டுகளில்தான்.

இளமைக்காலம்

ஹெடி அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். தந்தை எமில் கீஸ்லர் வங்கி அதிகாரி. தாய் கெர்ட்ரூட் புடாபெஸ்ட் நகரில் பிறந்த பியானோ கலைஞர். இருவரும் யூத மரபினர். தாய் கத்தோலிக்க மதத்திற்கு மாறியவர். ஹெடி இவர்களுக்கு ஒரே பிள்ளை.

தந்தை மகளை நடைப்பயணம் அழைத்துச் செல்லும்போது, வழியில் காணும் டிராம் வண்டி, அச்சு இயந்திரம் முதலியன எவ்வாறு இயங்குகின்றன என்று விளக்குவது வழக்கம். ஐந்து வயதில் ஹெடி தமது இசைப்பெட்டியைப் பிரித்து மீண்டும் பூட்டியதாகக் கூறப்படுகிறது. பொறியியற் கல்வி எதையும் இவர் முறையாகப் பெற்றதில்லை. பிற்காலத்தில் இவரது கண்டுபிடிப்பை ஐயுற்றவர்கள் பெரும்பாலும் இக்காரணத்தையே முன்வைத்தனர்.

ஐரோப்பியத் திரைப்படங்கள்

பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, வியன்னாவின் சாஷா திரைப்பட நிறுவனத்தில் படப்பிடிப்பு உதவியாளராகச் சேர்ந்தார். 1930 இல் வெளிவந்த ஒரு படத்தில் சிறு வேடம் கிடைத்தது. நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் இவரைத் தம் நாடகங்களில் நடிக்க வைத்தார். 1931, 1932 ஆண்டுகளில் சில ஜெர்மானிய மொழிப் படங்களில் நடித்தார்.

1933 இல் குஸ்டாவ் மகாட்டி இயக்கிய செக்கோசுலோவாக்கியத் திரைப்படமான எக்ஸ்டசி இவரை உலகறியச் செய்தது. வயது முதிர்ந்த கணவனிடம் அன்பு கிடைக்காத இளம்பெண் ஒருத்தி, வேறோர் இளைஞனைக் காதலிப்பதே கதை. இதில் ஹெடி ஆடையின்றி நீந்தும் காட்சியும், பாலுறவு இன்பத்தை முகத்தின் அண்மைக்காட்சியால் உணர்த்தும் காட்சியும் இடம்பெற்றன. வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் பாராட்டைப் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் சுங்கத்துறையோ இதை நாட்டிற்குள் வரவிடாமல் தடுத்தது. படப்பிடிப்பின்போது ஹெடிக்குப் பதினெட்டு வயதுகூட நிறைவடையவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளில் இவரைப் பற்றி எழுதியவர்களுள் பெரும்பாலோர் இப்படத்திலிருந்தே தொடங்கினர்.

முதல் திருமணமும் தப்பியோட்டமும்

1933 ஆகஸ்டில், ஆஸ்திரியாவின் பெரும் ஆயுத உற்பத்தியாளர்களுள் ஒருவரான ஃபிரிட்ஸ் மாண்டலை ஹெடி மணந்தார். மாண்டலின் ஹிர்ட்டன்பெர்க் தொழிற்சாலை வெடிமருந்துத் தோட்டாக்களைச் செய்துவந்தது. முசோலினியின் இத்தாலியுடன் அவருக்கு வணிக உறவு இருந்தது. மாண்டல் மனைவியை நடிக்க விடவில்லை. எக்ஸ்டசி படத்தின் படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கி அழித்துவிடவும் முயன்றார். அது கைகூடவில்லை.

மாண்டலின் வீட்டு விருந்துகளுக்குப் படை அதிகாரிகளும் ஆயுத வல்லுநர்களும் வருவதுண்டு. டார்பிடோ எனப்படும் நீரடி ஏவுகணைகளைத் தொலைவிலிருந்து செலுத்துவதில் உள்ள சிக்கல்களைப் பற்றி ஹெடி முதலில் கேட்டறிந்தது அந்த உணவு மேசையில்தான் என்பது பொதுவான கருத்து. மேசையோரம் அமர்ந்திருந்த அழகிய மனைவியின் காதில் என்ன விழுகிறது என்று அங்கே எவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

1937 இல் ஹெடி கணவரை விட்டுத் தப்பிப் பாரிசுக்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்றார். பணிப்பெண் வேடத்தில் தப்பினார் என்பது உட்படப் பல கதைகள் உலவுகின்றன. அவை ஒன்றோடொன்று முரண்படுவன. இலண்டனில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் (எம்ஜிஎம்) நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் பி. மேயரைச் சந்தித்தார். மேயர் கூறிய சம்பளம் குறைவென்று மறுத்துவிட்டு, அவர் அமெரிக்கா திரும்பவிருந்த நார்மண்டி என்னும் அதே கப்பலில் தாமும் பயணச்சீட்டு எடுத்தார். கப்பல் கரை சேர்வதற்குள் வாரம் 500 டாலர் சம்பளத்தில் ஒப்பந்தம் உறுதியானது. மறைந்த மௌனப்பட நடிகை பார்பரா லா மாரின் நினைவாக லமார் என்ற புதுப்பெயரும் அப்போது சூட்டப்பட்டது.

ஹாலிவுட்

1938 இல் சார்லஸ் போயருடன் நடித்த அல்ஜியர்ஸ் இவரது முதல் அமெரிக்கப் படம். நடுவகிடெடுத்துப் பிரித்த கருங்கூந்தலுடன் இவர் தோன்றிய விதம் அமெரிக்கப் பெண்களிடையே புதிய பாணியாகப் பரவியது. தொடர்ந்து பூம் டவுன் (1940), காம்ரேட் எக்ஸ் (1940), சீக்ஃபெல்ட் கேர்ள் (1941), டார்ட்டில்லா ஃபிளாட் (1942), வைட் கார்கோ (1942) முதலிய படங்களில் நடித்தார். கிளார்க் கேபிள், ஸ்பென்சர் டிரேசி, ஜேம்ஸ் ஸ்டுவர்ட் ஆகிய முன்னணி நடிகர்கள் இவருடன் நடித்தனர்.

எனினும் இப்படங்களுள் பலவற்றில் இவருக்குப் பேசுவதற்கு அதிகம் இல்லை. மர்மம் நிறைந்த அயல்நாட்டு அழகியாக வந்து நிற்பதே பெரும்பாலும் இவரது வேலையாக இருந்தது. கிங் விடோர் இயக்கிய எச். எம். புல்ஹாம் (1941) இதற்கு விதிவிலக்கு. விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் தன்னுணர்வு மிக்க பெண்ணாக அதில் நடித்துள்ளார். இவரது நடிப்பை மதிப்பிட விரும்புவோர் பார்க்கவேண்டிய படம் இது.

1945 இல் எம்ஜிஎம் நிறுவனத்திலிருந்து விலகிச் சொந்தமாகப் படத்தயாரிப்பில் இறங்கினார். அக்கால ஹாலிவுட்டில் நடிகை ஒருவர் இவ்வாறு செய்வது அரிது. த ஸ்டிரேஞ்ச் வுமன் (1946), டிஸ்ஆனர்டு லேடி (1947) ஆகியன இவ்வாறு உருவாயின. பின்னர் செசில் பி. டெமில் இயக்கிய சாம்சன் அண்ட் டிலைலா (1949) பெரும் வசூல் ஈட்டியது. விவிலியக் கதையின் டிலைலாவாக இவர் நடித்த இவ்வண்ணப்படமே இவரது வணிக வெற்றியின் உச்சம்.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. இத்தாலியில் தமது பணத்தையும் இட்டு எடுத்த, வரலாற்றுப் பெண்களைப் பற்றிய படம் பெரும் இழப்பைத் தந்தது. கடைசிப் படமான த ஃபீமேல் அனிமல் 1958 இல் வெளிவந்தது. வயதாகிவரும் திரைப்பட நடிகை ஒருவரின் வேடத்தை அதில் ஏற்றிருந்தார்.

இரகசியத் தொடர்பு முறை

படப்பிடிப்பு இல்லாத நேரங்களில் ஹெடி வீட்டில் வரைபலகையும் கருவிகளும் வைத்துக்கொண்டு எதையேனும் ஆராய்ந்துகொண்டிருப்பார். நீரில் கரைத்தால் சோடா பானமாக மாறும் வில்லை ஒன்றை உருவாக்க முயன்றார். அது சரிவரவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1940 செப்டம்பர் 17 அன்று, பிரித்தானியக் குழந்தைகளைப் பாதுகாப்பிற்காகக் கனடாவிற்கு ஏற்றிச்சென்ற சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அவ்வாறு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளுள் 77 பேர் உயிரிழந்தனர். இச்செய்தி ஹெடியை மிகவும் பாதித்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தவறாமல் தாக்கக்கூடிய டார்பிடோ வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அவ்வாண்டின் கோடைகாலத்தில்தான் இவருக்கு ஜார்ஜ் ஆன்தைல் அறிமுகமாகியிருந்தார். ஆன்தைல் 1920களில் பாரிசில் பரபரப்பை ஏற்படுத்திய இசையமைப்பாளர். இவரது பாலே மெக்கானிக் என்ற இசைப்படைப்பு, பதினாறு தானியங்கிப் பியானோக்கள் ஒருசேர இசைக்கவேண்டும் என்ற திட்டத்துடன் எழுதப்பட்டது. அத்தனை இயந்திரங்களையும் இம்மியும் பிசகாமல் ஒத்தியங்க வைப்பது அன்று இயலாததால், வேறு வகையில் மாற்றி அரங்கேற்றினார். இயந்திரங்களை ஒத்தியங்க வைப்பதில் அவருக்கு இருந்த இந்த நெடுநாள் ஈடுபாடு இங்கே பயன்பட்டது.

செயற்படும் விதம்

வானொலி அலையால் டார்பிடோவைச் செலுத்தலாம் என்பது அன்று புதிய கருத்தன்று. சிக்கல் என்னவெனில், கட்டளைகள் ஒரே அலைவெண்ணில் செல்லும்போது, எதிரி அந்த அலைவெண்ணைக் கண்டுபிடித்து அதிலேயே இரைச்சலை ஒலிபரப்பினால் டார்பிடோ கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

இதற்கு ஹெடி கூறிய தீர்வு, அலைவெண்ணை இடைவிடாது மாற்றிக்கொண்டே இருப்பது. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே வரிசைப்படி, ஒரே கணத்தில் ஓர் அலைவெண்ணிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவேண்டும். வரிசையை அறியாத எதிரி ஓர் அலைவெண்ணைக் குலைத்தாலும் கட்டளையின் ஒரு சிறு துணுக்கே கெடும். ஃப்ரீக்குவென்சி ஹாப்பிங் எனப்படும் அலைவெண் தாவல் முறையின் அடிப்படை இதுவே.

இரு கருவிகளும் எவ்வாறு ஒரே வரிசையைப் பின்பற்றும்? கணினி இல்லாத காலம் அது. தானியங்கிப் பியானோவில் துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று ஓடும். எந்தத் துளை எந்தக் கட்டையை அழுத்தவேண்டும் என்பதை முடிவு செய்யும். அதைப்போன்ற இரண்டு சுருள்களில் ஒரே மாதிரித் துளைகளை இட்டு, ஒன்றைக் கப்பலிலும் மற்றொன்றை டார்பிடோவிலும் வைப்பதே ஆன்தைலின் பங்களிப்பு. டார்பிடோ ஏவப்படும் கணத்தில் இரு சுருள்களும் ஓடத் தொடங்கும். துளைகள் இசைக்கட்டைகளுக்குப் பதிலாக மின்தேக்கிகளை மாற்றி இணைத்து அலைவெண்ணைத் தீர்மானிக்கும். பியானோவின் 88 கட்டைகளைப்போல் சுருளில் 88 வரிசைகள் வரை இடமிருந்தது.

காப்புரிமத்தில் காட்டப்பட்ட எடுத்துக்காட்டில், அனுப்பும் கருவிக்கு ஏழு அலைவெண்களும் பெறும் கருவிக்கு நான்கும் உள்ளன. எஞ்சிய மூன்றும் எதிரியை ஏமாற்றுவதற்கான பொய் அலைகள். அவற்றை எதிரி முயன்று குலைத்தாலும் டார்பிடோவிற்கு ஒன்றும் ஆகாது. நிரலாக்கம் பயின்றோர் இன்று இரு முனைகளிலும் ஒரே விதையெண்ணைக் கொடுத்து ஒரே சமவாய்ப்பு எண்வரிசையைப் பெறும் முறையுடன் இச்சுருள்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுருள்தான் அங்கே இரகசியத் திறவுகோல்.

மின்னணுப் பகுதிகளைச் சீராக்கக் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சாமுவேல் மக்கியோன் உதவினார். 1941 ஜூன் 10 அன்று விண்ணப்பிக்கப்பட்ட இம்முறைக்கு, 1942 ஆகஸ்ட் 11 அன்று 2,292,387 என்ற எண்ணுடன் அமெரிக்கக் காப்புரிமம் வழங்கப்பட்டது. தலைப்பு, இரகசியத் தொடர்பு முறை. அதில் இவர் பெயர் ஹெடி கீஸ்லர் மார்க்கி என்று உள்ளது. இரண்டாம் கணவரான ஜீன் மார்க்கியின் குடும்பப்பெயர் அது. ஆகவே ஆவணத்தைப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு திரைப்பட நடிகையின் கண்டுபிடிப்பு என்று தோன்ற வழியில்லை.

கடற்படையின் மறுப்பு

காப்புரிமம் கடற்படைக்கு அளிக்கப்பட்டது. ஆனால் கருவி டார்பிடோவிற்குள் அடங்காத அளவு பெரியது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. விண்ணப்பத்தில் பியானோவைக் குறிப்பிட்டதே தவறாகிவிட்டது என்றும், முழுப் பியானோவையும் டார்பிடோவிற்குள் திணிக்கச் சொல்வதாக அதிகாரிகள் நினைத்துவிட்டனர் என்றும் ஆன்தைல் 1945 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் நொந்துகொள்கிறார். கடற்படைக்கு அப்போது வேறு கவலைகளும் இருந்தன. அமெரிக்க டார்பிடோக்கள் போரின் தொடக்க ஆண்டுகளில் இலக்கில் மோதியும் வெடிக்காமல் போவது வாடிக்கையாயிருந்தது. அடிப்படையே சரியில்லாத ஆயுதத்தில் புதிய சிக்கலான உறுப்பைச் சேர்க்க அவர்கள் தயங்கியதில் ஓரளவு நியாயம் உண்டு.

போர் முயற்சிக்கு உதவ விரும்பினால் கடன்பத்திரம் விற்கும்படி ஹெடிக்குக் கூறப்பட்டது. அவரும் நாடெங்கும் பயணம் செய்து பல மில்லியன் டாலர் மதிப்புள்ள போர்க் கடன்பத்திரங்களை விற்றார். ஹாலிவுட் கேன்டீன் என்ற படைவீரர் விடுதியில் வீரர்களுக்கு உணவு பரிமாறினார். கருவி ஒன்றை வடிவமைத்துக் கொடுக்க வந்தவரின் முகம் மட்டுமே அரசுக்குத் தேவைப்பட்டது.

காப்புரிமம் 1959 இல் காலாவதியானது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆன்தைல் காலமானார். இருவரும் இதனால் ஒரு காசும் பெறவில்லை.

பிற்கால வாழ்க்கை

ஹெடி ஆறு முறை மணந்து ஆறு முறையும் மணமுறிவு பெற்றார். மாண்டல், மார்க்கி ஆகியோருக்குப் பின் நடிகர் ஜான் லோடர், இசைக்குழுத் தலைவர் டெடி ஸ்டாஃபர், டெக்சாஸ் எண்ணெய் வணிகர் ஹோவர்ட் லீ, வழக்கறிஞர் லூயிஸ் பாய்ஸ் ஆகியோரை மணந்தார். இவருக்கு மூன்று பிள்ளைகள். 1953 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கடைசி மணமுறிவு 1965 இல் நிகழ்ந்தது. அதன்பின் தனித்தே வாழ்ந்தார்.

1966 ஆம் ஆண்டு இவருக்குக் கொடியதாக அமைந்தது. ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கடை ஒன்றில் பொருள் திருடியதாகக் கைது செய்யப்பட்டார். விசாரணையில் விடுதலையானபோதும், கைதுச் செய்தி பரவிய அளவிற்கு விடுதலைச் செய்தி பரவவில்லை. கிடைக்கவிருந்த ஒரு பட வாய்ப்பும் கைநழுவியது. அதே ஆண்டு எக்ஸ்டசி அண்ட் மீ என்ற தன்வரலாறு இவர் பெயரில் வெளிவந்தது. வேறு எழுத்தாளர்களால் எழுதப்பட்ட அந்நூல் பாலியல் கிளர்ச்சியூட்டும் செய்திகளால் நிறைந்தது. அது பொய்யும் அவதூறும் கொண்டது என்று கூறி ஹெடி பதிப்பாளர் மீது வழக்குத் தொடுத்தார். இன்றும் இவரைப் பற்றிய பல கட்டுரைகள் அந்நூலையே மேற்கோள் காட்டுவதால், வாசகர்கள் இதை நினைவிற்கொள்வது நல்லது.

1974 இல் மெல் புரூக்ஸ் இயக்கிய பிளேசிங் சேடில்ஸ் என்ற நகைச்சுவைப் படத்தில் ஹெட்லி லமார் என்ற பாத்திரம் இருந்தது. தம் பெயரைக் கேலி செய்வதாக ஹெடி தொடுத்த வழக்கு நீதிமன்றத்திற்கு வெளியே தீர்த்துக்கொள்ளப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் கோரல்டிரா மென்பொருளின் பெட்டியில் ஹெடியின் கணினி ஓவியம் அச்சிடப்பட்டிருந்தது. வரைகலைப் போட்டியில் பரிசு பெற்ற ஓவியம் அது. இசைவு பெறவில்லை என்று 1998 இல் கோரல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அதுவும் உடன்பாட்டில் முடிந்தது. அப்பெட்டியை மேசைமேல் வைத்திருந்த கணினித் துறையினருள் எத்தனை பேருக்கு அதிலுள்ள பெண் யாரென்று தெரிந்திருக்கும் என்பது ஐயமே.

இடைப்பட்ட ஆண்டுகளில் பலமுறை முக ஒட்டறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன் விளைவு மனநிறைவு தரவில்லை. 1980களின் தொடக்கத்தில் புளோரிடாவிற்குக் குடிபெயர்ந்தார், கண்பார்வையும் குறைந்துவந்தது. பிறர் தம்மை நேரில் பார்ப்பதைத் தவிர்த்தார். பிள்ளைகளுடனும் நண்பர்களுடனும் தொலைபேசியிலேயே நாள்தோறும் பல மணிநேரம் உரையாடினார். 1991 இல், சுமார் 21 டாலர் மதிப்புள்ள மருந்துப் பொருட்களை எடுத்ததாக ஒர்லாண்டோவில் மீண்டும் ஒரு கைது. ஓராண்டு சட்டம் மீறாதிருப்பதாக உறுதியளித்ததன்பேரில் வழக்கு கைவிடப்பட்டது. அப்போது இவருக்கு வயது 76.

இதற்குச் சற்று முன்பு, 1990 இல், ஃபோர்ப்ஸ் இதழின் செய்தியாளர் ஃபிளெமிங் மீக்ஸ் இவரிடம் தொலைபேசியில் நீண்ட பேட்டி எடுத்தார். காப்புரிமம் பற்றிய கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது. அப்பேட்டியின் ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்து, அலெக்சாண்டிரா டீன் இயக்கிய பாம்ஷெல் (2017) என்ற ஆவணப்படத்திற்கு அடிப்படையாயின. ஹெடி தம் கண்டுபிடிப்பைத் தம் குரலிலேயே விளக்குவதை அதில் கேட்கலாம்.

அங்கீகாரம்

1997 இல் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஹெடிக்கும், மறைந்த ஆன்தைலுக்கும் முன்னோடி விருதை வழங்கியது. ஹெடி நேரில் வரவில்லை, மகன் பெற்றுக்கொண்டார். 1998 இல் ஆஸ்திரியா விக்டர் காப்லான் பதக்கத்தை அளித்தது. 2014 இல் ஹெடி, ஆன்தைல் இருவர் பெயரும் அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழவையில் சேர்க்கப்பட்டன. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இவரது பிறந்தநாளான நவம்பர் 9 கண்டுபிடிப்பாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வை-ஃபை குறித்த கூற்று

ஹெடி லமாரே வை-ஃபை, புளூடூத், ஜிபிஎஸ் ஆகியவற்றைக் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் பரவலாகக் கூறப்படுகிறது. இது மிகைக்கூற்று.

முதலாவதாக, அலைவெண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும் எண்ணம் இவருக்கு முன்பே தோன்றியிருந்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் யோனத்தான் சென்னெக் 1908 இல் வெளியிட்ட கம்பியில்லாத் தந்தி நூலில் இதுபற்றிய குறிப்பு உள்ளது. 1932 இல் வில்லெம் புரோயர்ட்யெஸ் என்பவரும் இத்தகைய முறைக்கு அமெரிக்கக் காப்புரிமம் பெற்றார். இரண்டாவதாக, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அலைவெண் தாவலைப் பயன்படுத்துவதில்லை. அவை குறிமுறையால் அலைமாலையைப் பரப்பும் வேறொரு நுட்பத்தைக் கையாள்கின்றன. வை-ஃபையின் 1997 ஆம் ஆண்டுத் தரத்தில் அலைவெண் தாவல் ஒரு தெரிவாக இருந்தது. பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்த பிந்தைய தரங்களில் அது இடம்பெறவில்லை. புளூடூத்தில் மட்டும் இது உண்மையிலேயே உயிர்நாடியாக உள்ளது. வழமையான புளூடூத் இணைப்பு 79 அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவுகிறது.

எனவே ஹெடியும் ஆன்தைலும் செய்தது என்ன என்பதைச் சரியாகக் கூறவேண்டுமாயின்: பறிபோகக்கூடிய கட்டுப்பாட்டைக் காக்க, இரு முனைகளையும் ஒத்தியங்க வைக்கும் முழுமையான பொறியமைப்பு ஒன்றை, பொய் அலைகள் உட்பட, அன்றைய உதிரிப்பாகங்களைக் கொண்டே அவர்கள் வடிவமைத்தனர். கணவர் வீட்டில் கேட்டதைத் திருடிச் சொன்னார் என்று இதை ஒதுக்குவோரும் உளர். அதற்குச் சான்றில்லை, மாண்டலின் தொழிற்சாலையில் இத்தகைய முறை இருந்ததாக எந்த ஆவணமும் காட்டப்படவில்லை. ரிச்சர்ட் ரோட்ஸ் எழுதிய ஹெடிஸ் ஃபாலி (2011) என்ற நூல் இவ்விவாதத்தை விரிவாக ஆராய்கிறது.

மறைவு

ஹெடி லமார் 2000 ஜனவரி 19 அன்று புளோரிடா மாநிலத்தின் காசல்பெரி நகரில் இதயநோயால் தமது இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 85. 1937 இல் விட்டு வந்த ஊரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அவரது விருப்பப்படி, சாம்பல் வியன்னாக் காடுகளில் தூவப்பட்டது. 2006 இல் வியன்னாவில் ஒரு பாதைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2014 இல் அந்நகரின் மத்திய இடுகாட்டில் அவருக்குச் சிறப்பு நினைவிடம் அமைக்கப்பட்டது.